சர்வர் சுந்தரமும் ஒண்டுக்குடித்தனமும்

காலை நடை முடிந்து கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்: "என்ன முசியே, வீட்டுல சர்வர் வெச்சிருக்கீங்களாமே? இந்த வயசுல ஓட்டல் தொறந்துட்டீங்களா?" பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவருக்கு நான் எப்போதும் முசியேதான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் தலைமுறைக்குச் சர்வர் என்றால் தோளில் துண்டும் ஒரே கையில் நாலு காபி டம்ளருமாக வருபவர்தானே! நாகேஷின் 'சர்வர் சுந்தரம்' 1964இல் வந்த படம். அதே 1964 ஏப்ரலில்தான் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. இன்று நான் சொல்லப்போகும் கதை அந்த வரிசையில் வந்த ஒரு கணினியிலிருந்து தொடங்குகிறது.

என் வீட்டுப் புத்தக அலமாரியில், ஒரு தடித்த அகராதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நான்கு சர்வர்கள் ஓடுகின்றன. இது பொழுதுபோக்குக்காக வைத்ததல்ல. ஒரு பழைய கடனை அடைப்பதற்காக வைத்தது. அந்தக் கடனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரு பெட்டிக்குள் நான்கு எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒண்டுக்குடித்தனம் தெரியாதவர் நம்மில் யார்? நீளமான வீடு. வரிசையாக நான்கு போர்ஷன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. கிணறு மட்டும் பொது. ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குள் வராது. கூரையையும் கிணற்றையும் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. கணினியிலும் அப்படியே. ஒரே இயந்திரத்தில் ஒரு மென்பொருள் வீட்டுக்காரர் வேலையைச் செய்கிறது. அது வாடகைக்கு விடும் ஒவ்வொரு போர்ஷனும் தன்னை ஒரு முழுக் கணினி என்றே நினைத்துக்கொள்கிறது. இதைத்தான் வர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி என்கிறார்கள்.

இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அறுபது வருடப் பழசு. பிறந்த காரணமும் நமக்குப் பழக்கமான காரணம்தான்: கையில் காசு போதாது.

1950களில் கணினி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருக்கும். விலையோ பெரிய நிறுவனங்களுக்கே பாரம். பிரான்சில் அதற்குப் பெயர்கூட இல்லை. 1955இல் ஐ.பி.எம்.மின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொள்ள, ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் 'ஓர்தினாத்தர்' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார். உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கப் பயன்பட்ட பழைய சொல் அது. கடவுளுக்குரிய பெயரை வாங்கிக்கொண்ட இயந்திரத்தின் முன்னால் பக்தர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விடைக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் பிழை இருந்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

இந்த அவஸ்தைக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு வழி கண்டார்கள். ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு 1961 நவம்பரில் 'நேரப் பகிர்வு' முறையை இயக்கிக் காட்டியது. கணினி ஒருவருக்கு ஒரு நொடியின் சிறு பகுதியைக் கொடுத்துவிட்டு உடனே அடுத்தவரிடம் போகும். மனிதர் யோசிக்கும் நேரம் இயந்திரத்துக்கு ஒரு யுகம் என்பதால், ஒவ்வொருவருக்கும் அது தன்னோடு மட்டுமே பேசுவதுபோல் தோன்றும்.

எம்.ஐ.டி. இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலேயே ஐ.பி.எம்.முக்கும் ஒரு சிறிய ஆய்வு மையம் இருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி என்பவரின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நேரத்தை மட்டும் ஏன் பங்கு போட வேண்டும்? ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியையே கொடுத்துவிட்டதுபோல் செய்தால் என்ன? சிஸ்டம்/360 வரிசையில் மாடல் 40 என்ற இயந்திரத்தைக் கொஞ்சம் மாற்றி, சிபி-40 என்ற மென்பொருளை எழுதினார்கள். 1967 ஜனவரியில் அது தினசரி வேலைக்கு வந்தது. ஒரே சமயத்தில் 14 மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம்.

கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் இங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. மாடல் 40இல் பொருத்தக்கூடிய அதிகபட்ச நினைவகமே 256 கிலோபைட்தான்! கிணற்றில் இருக்கும் முழுத் தண்ணீரையும் வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனியாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் இது மோசடியல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் வாளியோடு வருவதில்லை. உபயோகத்தில் இல்லாததை வட்டுக்கு மாற்றி வைத்துவிட்டு, கேட்பவருக்குக் கேட்டபோது கொடுத்தால் போதும். பொங்கலுக்கு முதல் நாள் எல்லோரும் ஒன்றாக வீடு கழுவக் கிளம்பினால்தான் சிக்கல். சிறிய பட்ஜெட்டில் சர்வர் நடத்துபவனுக்கு முதல் பாடம் இதுதான். வாக்குக் கொடுக்கலாம். ஆனால் பொங்கலுக்கு முதல் நாளை மறந்துவிடக் கூடாது.

அந்தக் கேம்பிரிட்ஜ் வேலை வளர்ந்து 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. அதன் வாரிசு இன்றும் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேரப் பகிர்வை நானும் நேரில் அனுபவித்திருக்கிறேன், அப்போது பெயர்தான் தெரியாது. 1980களின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கணினி வந்தது. ஏ.சி. அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பெட்டி, அதிலிருந்து ஆறு பச்சை எழுத்துத் திரைகள். சாதாரண நாளில் விறுவிறுவென்று ஓடும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும்போது ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் வருவதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். "மெஷினுக்கு வயசாயிடுச்சு" என்பார் எங்கள் கண்காணிப்பாளர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கிணற்றில் வாளி விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு சிறிய கணினிகள் மலிந்தன. ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு கணினி. பங்கு போட வேண்டிய தேவை போனதும் ஒண்டுக்குடித்தனக் கலையும் பெருங்கணினி உலகத்துக்குள் ஒதுங்கிவிட்டது. 1990களின் கடைசியில் நிறுவனங்களில் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று வாங்கிக் குவித்தார்கள். பத்து அறை வீட்டில் ஒருவர் குடியிருப்பதுபோல, பெரும்பாலான சர்வர்கள் பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்தன. மின்சாரக் கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, பழைய கலையைச் சிறிய கணினிக்குக் கொண்டுவரலாமே என்றால், இன்டெல் வகைச் செயலிகளில் ஒரு கோளாறு. மேலதிகாரி மட்டுமே செய்ய வேண்டிய சில காரியங்களைக் கீழ்நிலையில் இருப்பவர் செய்ய முயன்றால் உடனே மேலே தகவல் போக வேண்டும். அந்தச் செயலிகளில் சில கட்டளைகள் புகாரும் செய்யாது, சரியாகவும் நடக்காது. கோப்பு கீழேயே அமுங்கிவிடும். அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1998இல் கலிஃபோர்னியாவில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், அப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதும் தந்திரத்தோடு 1999இல் தன் முதல் மென்பொருளை வெளியிட்டது. ஐவரில் ஒருவரான எத்துவார் பூன்யோன், சுவிட்சர்லாந்துக்காரர்.

2003இல் இன்னொரு கேம்பிரிட்ஜ், இந்த முறை இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஸென் என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. என் மனதுக்கு நெருக்கமானவரும் அதே ஆண்டில்தான் வருகிறார். கிரெனோபிள் நகரில் பிறந்து எக்கோல் பொலிடெக்னிக்கில் படித்த ஃபாப்ரிஸ் பெல்லார். அவர் எழுதிய க்யூஇஎம்யு என்ற மென்பொருள் செய்யும் வேலையை, எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவேன்: துபாஷி வேலை.

துய்ப்ளெக்சுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல, ஒரு செயலியின் மொழியில் எழுதப்பட்ட கட்டளைகளை இன்னொரு செயலியின் மொழிக்கு அந்த மென்பொருள் ஓட ஓட மாற்றிக் கொடுக்கும். ஒருமுறை மொழிபெயர்த்ததைக் குறித்தும் வைத்துக்கொள்ளும். அதே வாக்கியம் மறுபடி வந்தால் புதிதாக மெனக்கெடாது. நல்ல துபாஷிக்கு அழகு அதுதானே!

இந்த பெல்லார் 2009ஆம் ஆண்டு முடியும் நாளில் இன்னொரு செய்தியையும் வெளியிட்டார். பை என்ற எண்ணை ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டுவிட்டதாக! அதற்கு முந்தைய சாதனை ஜப்பானில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் செய்தது. இவர் பயன்படுத்தியதோ இரண்டாயிரம் யூரோவுக்கும் குறைவான ஒரு மேசைக் கணினி. சூப்பர் கம்ப்யூட்டருக்குச் சில நாட்களே ஆயின. இவருக்குச் சரிபார்த்தல் உட்பட 131 நாள் ஆனது. ஆனால் முடித்தார். அவர் கையாண்ட சூத்திரம் சுட்னோவ்ஸ்கி சகோதரர்களுடையது. அது நம் இராமானுஜன் 1914இல் காட்டிய வழியில் வந்தது. காசு குறைவாக இருந்தால் பொறுமையைக் கூடுதலாகப் போட வேண்டும் என்பதை இவரிடம் கற்றேன்.

2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டு நிறுவனங்களுமே செயலிக்குள்ளேயே அந்தக் கோளாறுக்கு வழி செய்துவிட்டன. அதைப் பயன்படுத்தி அவி கிவிட்டி என்ற இஸ்ரேலியர் எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸின் ஒரு பகுதியாகவே ஆனது. இரு பக்கமும் ஒரே மொழி பேசும்போது மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அல்லவா? ஆகவே துபாஷி அந்த வேலையை விட்டுவிட்டு வட்டு, வலைத்தொடர்பு போன்ற சில்லறைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறார். இவற்றையெல்லாம் கட்டி, நம்மைப் போன்றவர்களும் பொத்தானை அழுத்தி நடத்தும்படி வியன்னாவிலிருந்து 2008இல் வந்ததுதான் ப்ராக்ஸ்மாக்ஸ். என் கறுப்புப் பெட்டியின் வீட்டுக்காரர் அவர்தான். அவருக்கு நான் கொடுத்த விலை பூஜ்யம்.

சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுக்கும் வழியும் பிரான்சில் வளர்ந்தது. நம் ஊரைப் போலவே பஞ்சாலைகளால் வாழ்ந்து, ஆலைகள் மூடியபின் வாடிய ஊர் ரூபே. அங்கே போலந்தில் பிறந்த ஒக்தாவ் கிளாபா 1999இல் ஓவிஎச் என்ற சர்வர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய மலிவு விலைச் சர்வருக்கு 'கிம்சுஃபி' என்று பெயர். ஜப்பானியப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று பார்ப்பவர்கள், அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிரெஞ்சில் 'கி ம் சுஃபி': எனக்குப் போதுமானது! போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பதை ரூபேகாரர்கள் ஒரு வணிகப் பெயரில் அடக்கிவிட்டார்கள்.

ஆனால் எதில் போதும் என்று சொல்லலாம், எதில் சொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2021 மார்ச் 10ஆம் தேதி அதிகாலை, அதே நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பூர்க் சர்வர் கட்டடம் ஒன்று தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் சில நாட்களில் எழுந்து நின்றார்கள். வைத்திருக்காதவர்களில் பலருக்குப் போனது போனதுதான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டில் அந்தத் தீ எட்டு வருடம் முன்பே பிடித்திருந்தது.

2011இல் ஓய்வு பெற்ற கையோடு, உடன் வேலை பார்த்தவர்களின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கத் தொடங்கினேன். பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவு, சான்றிதழ் என்று பலரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. ஒரே மனிதரின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு மாதிரியும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் வேறு மாதிரியும் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தப் பழைய காகிதம்தான் சாட்சி. எல்லாவற்றையும் ஒரே கணினியில், ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்தேன். இன்னொன்று வாங்கிப் பிரதி எடுங்கள் என்று கடைக்காரப் பையன் சொன்னான். நாலாயிரம் ரூபாய். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அந்த டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்தது. எத்தனையோ வீடுகளில் கூரை போனது, காகிதங்கள் ஊறிப் போயின. 2013 மழைக்காலத்தில் ஒரு நாள் என் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டது. மறுநாள் அதுவும் இல்லை.

அடுத்த வாரம், பல வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் மனைவி வந்தார். அவர் தவறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அண்ணே, எது போனாலும் உங்க கிட்ட காப்பி இருக்குன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு." குடும்ப ஓய்வூதியத்துக்குப் பெயர் வித்தியாசத்தைத் தீர்க்க அந்தக் காகிதம் வேண்டும். அசல் புயலில் போய்விட்டது. நகல் என்னிடம் இருந்தது, போன வாரம் வரைக்கும். அந்த அம்மா எட்டு மாதம் படியேறி இறங்கித்தான் காரியம் முடிந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவன் நான். விலையைக் கொடுத்தவர் அவர்.

கடன் என்று சொன்னேனே, அது இதுதான்.

ஸ்ட்ராஸ்பூர்க் செய்திக்குப் பிறகு, கணினி படிக்கும் பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சென்னை ரிச்சி தெருவில், ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட சிறிய கணினி ஒன்று கிடைத்தது. "தாத்தா, புதுச் செயலிக்கு ஆசைப்படாதீங்க, அந்தக் காசுல ராம் போடுங்க" என்றாள். அப்படியே செய்து 16 ஜிகாபைட் போட்டோம். எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. ஏறத்தாழ 25 வாட்தான் இழுக்கிறது. இரவு பகலாக ஓடினாலும் மாதம் 18 யூனிட். மின்வெட்டுக்கு ஒரு சிறிய யு.பி.எஸ்.

நான்கில் இரண்டு முழு மெய்நிகர் கணினிகள்: நண்பர்களின் ஆவணங்களுக்கு ஒன்று, பேத்தி உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்று. மற்ற இரண்டும் கன்டெய்னர் என்ற எளிய வகை: குடும்பப் படங்களுக்கு ஒன்று, இந்தக் கட்டுரைகளுக்கு ஒன்று. அவற்றுக்கு அடுப்படி பொது, அறை மட்டும் தனி. அதனால் நினைவகம் குறைவாகவே கேட்கும். பேத்தி தன் போர்ஷனை மாதம் ஒருமுறையாவது கவிழ்க்கிறாள். ஆவணங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆவணங்கள் இருக்கும் போர்ஷனுக்கு வெளி இணையத்திலிருந்து வழியே வைக்கவில்லை. கடல் காற்று இரும்பைத் தின்னும் ஊர் என்பதால் பெட்டியை உள்ளறையில் வைத்து, மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறேன்.

பிரதி விஷயத்தில் மட்டும் சிக்கனம் இல்லை. ஒவ்வோர் இரவும் பெட்டிக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது டிஸ்க்குக்கு ஒரு பிரதி. ஞாயிறுதோறும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துப் பீரோவில் வைப்பேன். மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்க் காரைக்காலில் மச்சான் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும், அங்கே இருப்பது திரும்பி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பிரதியிலிருந்து ஒரு கணினியை மறுபடி எழுப்பிப் பார்க்கிறோம். பதிவேட்டில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இருப்பைச் சரிபார்க்காமல் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இலவசம் என்பதிலும் இரண்டு வகை உண்டு. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை அடுத்த மாதமே நிறுத்தினார்கள். வீடுகளில் பலர் வைத்திருந்த இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் மறுபடி கொடுத்தார்கள். கொடுப்பதும் நிறுத்துவதும் அவர்கள் இஷ்டம். கேவிஎம்மும் துபாஷியும் அப்படியல்ல. எழுதியவர்களே எல்லோருக்கும் பொது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குடித்தனத்தைக் காலி செய் என்று யாரும் வந்து நிற்க முடியாது.

போன மாதம் அந்த அம்மா வந்திருந்தார். பேரனுடைய பிறப்புச் சான்றிதழைக் கையில் கொண்டுவந்திருந்தார். "இதையும் உங்க பெட்டியில வெச்சிடுங்கண்ணே."

என்னிடம்தான் மறுபடி கொடுக்கிறார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் காபி குடித்து முடிப்பதற்குள் ஸ்கேன் செய்தேன். அந்த மாதம் காரைக்கால் டிஸ்க் ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பியது.

இதைப் படிக்கும் உங்கள் கணினியிலோ கைப்பேசியிலோ அப்படி ஏதாவது ஒரு காகிதம் ஒரே ஒரு இடத்தில் இருந்தால், சர்வர் எல்லாம் வேண்டாம், இன்று மாலைக்குள் இன்னோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள்.